அழகை அறியும் மூளை

காரைக்கால் பகுதியின் கடற்கரையில் அமைந்த மீனவர் ஊர்களுள் ஒன்று மண்டபத்தூர். வைகறைப் பொழுதில் அவ்வூரின் அலைவாய்க்கரையில் நிற்கும் இருவரை எண்ணிப் பார்ப்போம். ஒருவர் வெளியூரிலிருந்து வந்தவர். கீழ்வானம் வெளுத்துச் சிவந்து, கதிரவன் கடலிலிருந்து எழும் காட்சியைக் கண்டு "என்ன அழகு!" என்று வியந்து நிற்கிறார். மற்றவர் அவ்வூர் மீனவர். அவரும் அதே வானத்தையும் அதே கடலையும்தான் நோக்குகிறார். ஆனால், வீசுவது வாடையா கொண்டலா, நீரின் நிறம் எங்கே மாறுகிறது, அலை எப்படி மடிகிறது என்பவற்றையே அவர் கண்கள் தேடுகின்றன. இருவர் விழிகளிலும் விழும் ஒளி ஒன்றே. இருவர் உள்ளத்திலும் எழும் உணர்வு ஒன்றன்று.

நெய்தல் திணைப் பாடல் ஒன்றை நாம் வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தபோது, கடற்கரை ஊரிலிருந்து வந்து பயிலும் மாணவி ஒருவர் எழுந்து, "ஐயா, கடலை இவ்வளவு அழகாகப் பாடியவர் ஒருநாளாவது கடலுக்குப் போயிருப்பாரா?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்துச் சமாளித்தோம். மணி அடித்து அன்றைக்கு நம்மைக் காப்பாற்றியது. ஆயினும், அவ்வினா நம்மை விட்டு அகலவில்லை. 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை காரைக்கால் கடற்கரை ஊர்களைச் சூறையாடிச் சென்றதை அறிந்த எவரும், 'கடல் அழகானது' என்று எளிதில் சொல்லிவிட்டுக் கடந்து போக இயலாது.

அழகு கடலில் இருக்கிறதா? காண்பவர் மூளையில் இருக்கிறதா? மூளையில்தான் எனில், அது பிறப்போடு வந்ததா, பழகிப் பெற்றதா? நம் இலக்கண மரபும் இன்றைய மூளை அறிவியலும் இவ்வினாக்களுக்குத் தரும் விடைகளைச் சேர்த்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் மரபும்

அழகு என்னும் பொருளுக்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. எழில், கவின், வனப்பு, ஏர், அணி, நலம், சாயல், முருகு என விரியும் சொற்கள் பல. இவையனைத்தும் ஒருபொருட் சொற்கள்போலத் தோன்றினும், ஒவ்வொன்றும் அழகின் ஒவ்வொரு கூற்றைச் சுட்டும். இவற்றுள் 'வனப்பு' என்னும் சொல் நம் ஆய்வுக்கு மிகவும் துணை செய்வது. தொல்காப்பியச் செய்யுளியல் அம்மை, அழகு முதலாக எட்டு வனப்புகளைக் கூறுகிறது. வனப்பு என்பது தனித்த ஓர் உறுப்பில் தோன்றுவதன்று, உறுப்புகள் பலவும் திரண்டு ஒன்றுபட்டவழியே பெறப்படுவது என்பது உரையாளர் பேராசிரியர் தரும் விளக்கத்தின் சாரம். கண் ஒன்றையோ கை ஒன்றையோ பிரித்து வைத்து வனப்பைக் காட்ட முடியாது என்பதே இதன் உட்கிடை.

இதே எண்ணத்தை வேறொரு நிலத்தில், வேறொரு மொழியில் ஆய்ந்தவர் இப்னு அல்ஹைதம். கி.பி. 965 அளவில் பசுராவில் பிறந்து 1040 அளவில் கெய்ரோவில் மறைந்த இவ்வறிஞர், ஒளியியல் பற்றி 'கிதாபுல் மனாழிர்' என்னும் நூலை ஏழு பகுதிகளாக இயற்றினார். ஒளி, நிறம், தொலைவு, வடிவம், அளவு முதலாகக் கண்ணால் அறியப்படும் பண்புகள் 22 என வகுத்த அவர், அவற்றுள் அழகையும் ஒன்றாகச் சேர்த்தார். ஞாயிறும் திங்களும் ஒளி ஒன்றாலேயே அழகு பெறுகின்றன என்றும், பிற பல இடங்களில் பண்புகள் கூடி, தம்முள் பொருத்தம் அமையும்போதே அழகு நிறைவு பெறுகிறது என்றும் விளக்கினார். அது மட்டுமன்று. காண்டல் என்பது கண்ணோடு முடிந்துவிடும் செயலன்று, கண்டதை முன்னறிந்ததோடு ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லும் உள்ளாற்றலும் அதில் பங்கு கொள்கிறது என்பதும் அவர் கண்ட முடிபு. அழகைப் பொருளில் மட்டும் தேடாமல், அறியும் முறையிலும் தேடிய முன்னோடி அவர்.

இவ்விருவர் கருத்தும் ஒருபுடை ஒத்துச் செல்வதை நாம் காண்கிறோம். அழகு என்பது கூறுகளின் இயைபு. அவ்வியைபை உணர ஓர் உள்ளம் வேண்டும். அந்த உள்ளத்தின் உறைவிடமாகிய மூளையில் நிகழ்வது என்ன என்பதே அடுத்த வினா.

கண்ணிலிருந்து நெற்றி வரை

மனித மூளையின் எடை ஏறத்தாழ 1,400 கிராம். அதில் உள்ள நரம்பணுக்கள் சற்றொப்ப 8,600 கோடி என 2009ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டுள்ளது. உடலெடையில் ஐம்பதில் ஒரு பங்கேயான இவ்வுறுப்பு, ஓய்வு நிலையில் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது.

ஓர் ஓவியத்தைக் காண்கிறோம் என்று கொள்வோம். ஒளி விழித்திரையில் பட்டு மின் துடிப்பாக மாறுகிறது. அத்துடிப்பு பார்வை நரம்பின் வழியே மூளையின் நடுவிலுள்ள நிலையம் ஒன்றைக் கடந்து, பின்தலையிலுள்ள பிடரி மடலைச் சென்றடைகிறது. அங்கே கோடு, விளிம்பு, நிறம், அசைவு ஆகியவை தனித்தனியே பகுத்தறியப்படுகின்றன. நிறத்துக்கு ஒரு பகுதி, அசைவுக்கு ஒரு பகுதி, முகத்துக்கு ஒரு பகுதி எனப் பணி பிரிந்திருக்கிறது. இவ்வாறு பிரித்தெடுத்த கூறுகள் மீண்டும் இணைந்து 'இது கடல்', 'இது தாயின் முகம்' என்னும் அறிவாகத் திரள்கின்றன. இதுவரை நிகழ்ந்தது அறிதல் மட்டுமே. 'இது அழகு' என்னும் உணர்வு இதன்மேல் எழுவது.

அவ்வுணர்வைத் தேடியவர்களுள் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த செமிர் சேக்கி குறிப்பிடத்தக்கவர். 2004ஆம் ஆண்டில் அவரும் கவபாத்தா என்னும் சப்பானிய அறிஞரும், மூளையில் குருதி ஓட்டம் எங்கே மிகுகிறது என்பதைக் காட்டும் காந்த அலைப் படக்கருவியினுள் சிலரைப் படுக்க வைத்து ஓவியங்களைக் காட்டினர். அவரவர் அழகென்று முன்னரே மதிப்பிட்ட ஓவியங்களைக் கண்டபோது, கண்குழிகளுக்கு மேலாக, நெற்றி மடலின் அடிப்புறத்தில் நடுவாக அமைந்த ஒரு பகுதி மிகுதியாகச் செயற்பட்டது. 2011ஆம் ஆண்டில் இசிசு என்பவரோடு சேர்ந்து சேக்கி நடத்திய ஆய்வில், வெவ்வேறு பண்பாடுகளைச் சேர்ந்த 21 பேர் ஓவியம் காணவும் இசை கேட்கவும் செய்யப்பட்டனர். கண்ணின் வழி வந்த அழகுக்கும் செவியின் வழி வந்த அழகுக்கும் அதே பகுதியே எழுச்சி காட்டியது. வாயில்கள் வேறு, சென்று சேரும் முற்றம் ஒன்று.

இசை கேட்கையில் மெய் சிலிர்ப்பதை நாம் அனைவரும் அறிவோம். கனடாவின் மாண்ட்ரியல் நகரில் நடந்து 2011ஆம் ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வு, அச்சிலிர்ப்பு எழும் தருணத்தில் 'டோபமின்' என்னும் வேதிப்பொருள் மூளையில் சுரப்பதைக் காட்டியது. பசித்தவனுக்கு உணவு தரும் இன்பத்தோடு தொடர்புடைய பொருளே இது. இங்கே கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. சிலிர்ப்பு எழும் கணத்தில் ஒரு பகுதியிலும், 'இதோ வரப்போகிறது' என்று காத்திருக்கும் கணங்களில் வேறொரு பகுதியிலும் அது சுரந்தது. நாகூர்க் கந்தூரியில் பாடுவோர் ஓரடியை எடுத்துச் சற்றே நிறுத்தும்போது கேட்போர் உள்ளம் முன்னோக்கித் தாவுவதை எண்ணுக. காத்திருப்பும் கலையின்பத்தின் ஒரு கூறே.

ஆயினும் இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. மூளையில் 'அழகு நிலையம்' கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்று முழங்குவது பிழை. மேற்கூறிய பகுதி நல்லுணவுக்கும் பணவரவுக்கும்கூட எழுச்சி காட்டுவது. ஒன்றை 'விரும்பத்தக்கது' என மதிப்பிடும் பொதுவான இடம் அது. மேலும், கருவி காட்டுவது குருதி ஓட்டத்தின் மாற்றத்தையே; எண்ணத்தையன்று. விளக்கு எரியும் அறையைக் கருவி காட்டும். அவ்விளக்கின் கீழ் எழுதப்படும் கவிதையைக் காட்டாது.

சோழர் திருமேனியும் கடற்காகக் குஞ்சும்

இத்துறையில் உலகப் புகழ் பெற்றவர்களுள் ஒருவர் தமிழ்நாட்டிற் பிறந்தவர் என்பது நமக்குப் பெருமை தருவது. 1951ஆம் ஆண்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்று, அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்டியாகோ வளாகத்தில் பணியாற்றிய வி. எஸ். இராமச்சந்திரன் அவர்களே அவர். 1999ஆம் ஆண்டில் வில்லியம் ஹிர்ஸ்டீன் என்பவரோடு இணைந்து, கலையின்பத்துக்கு அடிப்படையாக மூளையில் அமைந்துள்ள நெறிகள் எட்டு என அவர் எடுத்துரைத்தார். 2003ஆம் ஆண்டில் பி.பி.சி. நிறுவனத்தின் ரீத் சொற்பொழிவுகளிலும் இப்பொருளை விரித்துரைத்தார். அவர் கையாண்ட முதன்மைச் சான்று சோழர் காலத்துப் பார்வதி செப்புத் திருமேனியாகும்.

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் மேனாட்டார் பலர் இத்தகைய வடிவங்களைக் கண்டு முகம் சுளித்தனர். இடை இவ்வளவு சிறுத்திருக்குமா, இவ்வாறு உடல் வளையுமா என்பது அவர்கள் வினா. 1910ஆம் ஆண்டில் இலண்டனில் நிகழ்ந்த கூட்டம் ஒன்றில் சர் ஜார்ஜ் பேர்டுவுட் என்பார், அமர்ந்த நிலையிலுள்ள புத்தர் படிமம் ஒன்றை வேகவைத்த மாப்பண்டத்தோடு ஒப்பிட்டு இகழ்ந்தார். அவ்விகழ்ச்சிக்கு எதிர்ப்பாகக் கலைஞர் பலர் கையொப்பமிட்டு நாளிதழில் மறுப்பு வெளியிட்டனர்.

இராமச்சந்திரன் இதற்கு ஒரு விடை கூறுகிறார். நெதர்லாந்து நாட்டில் பிறந்த அறிஞர் டின்பர்கன் கடற்காகக் குஞ்சுகளை ஆய்ந்தவர். தாயின் அலகில் உள்ள செம்புள்ளியைக் கொத்தினால் இரை கிடைக்கும் என்பது குஞ்சின் பிறவி அறிவு. தாயை அகற்றிவிட்டு, வெண்ணிற வளையங்கள் மூன்று தீட்டிய மெல்லிய செந்நிறக் குச்சியைக் காட்டியபோது, உண்மையான அலகைவிட அக்குச்சியையே குஞ்சு ஆர்வத்தோடு கொத்தியது. அலகின் சிறப்புக் கூறுகளை மிகைப்படுத்தியது அக்குச்சி. கலைஞனும் இதையே செய்கிறான் என்பது இராமச்சந்திரன் கருத்து. பெண்மையின் தனிக்கூறுகளை ஓர் அளவுக்கு மேல் மிகுத்துக் காட்டுவதால், பார்வதி திருமேனி உண்மை உருவைவிட ஆழமாக மூளையைத் தொடுகிறது. அது பிழையன்று, கலை நெறி. நம் அணியிலக்கணத்தார் 'உயர்வு நவிற்சி' என்று பெயரிட்டு வைத்ததும் இதற்கு இனமானதே.

அவர் கூறும் நெறிகளுள் மற்றொன்று தமிழ் மாணவர்க்கு இன்னும் நெருக்கமானது. எளிதில் புலப்படாத ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்கும்போது மூளை இன்புறுகிறது. புள்ளிகளின் குழப்பத்தில் மறைந்திருக்கும் உருவம் திடுமெனப் புலப்படும்போது நாம் கொள்ளும் மகிழ்ச்சியை நினைத்துப் பார்க்கலாம். சங்கப் புலவர் உள்ளுறையும் இறைச்சியும் வைத்துப் பாடியதன் பயன் யாது? தலைவன் கொடியவன் என்று தோழி நேரே சொல்வதில்லை. மருத நிலத்து எருமையையோ நெய்தல் நிலத்து நண்டையோ காட்டி நிறுத்திக்கொள்கிறாள். எஞ்சியதைக் கேட்பவர் கண்டுகொள்ள வேண்டும். கண்டுகொள்ளும் அக்கணமே கவிதையின் கணம்.

எனினும், இராமச்சந்திரன் நெறிகள் அனைத்தையும் விளக்கிவிட்டன என்று நாம் கருதவில்லை. மிகைப்பு ஒன்றே அழகாயின், மிகைப்படுத்திய திரைப்பட விளம்பரத் தட்டியும் சோழர் திருமேனியும் ஒரே தரமாகிவிடும். மேலும், அதே திருமேனி ஒருவர்க்கு அழகாகவும் மற்றொருவர்க்கு அருவருப்பாகவும் தோன்றியது எதனால்? பேர்டுவுட் பெருமகனார்க்கும் நம்மைப் போன்ற மூளைதானே இருந்தது? விடையின் ஒரு பகுதி கணிதத்தில் கிடைக்கிறது.

இராமானுஜன் சூத்திரம் பெற்ற தீர்ப்பு

2014ஆம் ஆண்டில் செமிர் சேக்கியும், புகழ்மிக்க கணித அறிஞர் மைக்கேல் அத்தியாவும் பிறரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கணிதம் பயின்ற 15 பேரிடம் 60 சமன்பாடுகளைக் கொடுத்து, எவை அழகியவை, எவை அழகற்றவை எனத் தரமிடச் செய்தனர். பின்னர், படக்கருவியினுள் அவற்றை மீண்டும் காட்டினர். அழகிய சமன்பாட்டைக் கண்டபோது, ஓவியத்துக்கும் இசைக்கும் எழுச்சி காட்டிய அதே நெற்றிப் பகுதியே எழுச்சி காட்டியது. நிறமும் ஓசையும் அற்ற, அறிவால் மட்டுமே உணரத்தக்க ஒன்றும் அழகின் முற்றத்துக்கு வந்து சேர்கிறது என்பது வியப்புக்குரியது.

முதலிடம் பெற்றது ஆய்லர் என்பாரின் சமன்பாடு. பெரிதும் அழகற்றதெனத் தீர்ப்புப் பெற்றதோ, காவிரிக் கரையில் கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன் 1914ஆம் ஆண்டில் வெளியிட்ட, 'பை' என்னும் எண்ணின் தலைகீழ் மதிப்பைத் தரும் முடிவிலாத் தொடர்! 9801, 1103, 26390 என்று காரணம் விளங்காத பெரிய எண்கள் அதில் நிரம்பியிருக்கின்றன. ஆய்லரின் சமன்பாடு குறள் வெண்பாப்போலக் குறுகியது. இராமானுஜனின் தொடர் முதற்பார்வையில் கரடு முரடானது.

ஆனால், அத்தொடரின் ஒவ்வோர் உறுப்பும் 'பை'யின் மதிப்பில் ஏறத்தாழ எட்டு இலக்கங்களைத் துல்லியமாகத் தந்துகொண்டே செல்கிறது. 1985ஆம் ஆண்டில் கோஸ்பர் என்னும் அமெரிக்கர் இத்தொடரைக் கணினியில் இட்டு, 'பை'யின் மதிப்பை 1 கோடியே 75 இலட்சம் இலக்கங்களுக்கும் மேலாகக் கணக்கிட்டார். இதை அறிந்த பின் அச்சூத்திரத்தை மீண்டும் நோக்குவோர்க்கு அதன் கரடு முரடான தோற்றமே வியப்பாக மாறக்கூடும். விளங்கிக்கொள்ளும் அளவும் அழகென மதிக்கும் அளவும் பெரிதும் சேர்ந்தே செல்கின்றன, ஆயினும் முற்றும் ஒன்றல்ல என்பதும் அவ்வாய்வில் வெளிப்பட்ட உண்மையாகும். புரியாமை அழகை மறைக்கும் திரை. அத்திரையை விலக்குவது கல்வி.

பழக்கமும் பயிற்சியும்

பழகப் பழக ஒன்று பிடித்துப்போகும் என்பது நாட்டு வழக்கு. 1968ஆம் ஆண்டில் சயான்ஸ் என்னும் உளவியலார் இதனைச் சோதனை வழியே நிறுவினார். முன்பின் அறியாத சொற்களும் உருவங்களும் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டபோது, அவற்றின்மீது விருப்பம் கூடியது. 2003ஆம் ஆண்டில் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கட்டிங் என்பார், அதிகம் அறியப்படாத பிரெஞ்சு ஓவியங்களைத் தம் வகுப்பில் இடையிடையே காட்டிவந்தார். பருவ இறுதியில், மாணவர்களின் விருப்பம் அவ்வோவியங்களின் பக்கம் சாய்ந்திருந்தது.

அப்படியாயின், எதைக் காட்டினாலும் பழகிவிட்டால் அழகாகிவிடுமா? இவ்வையம் நமக்கும் எழுந்தது. 2013ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளியான ஆய்வொன்று இதற்கு விடை கூறுகிறது. திறனாய்வாளர் தரம் குறைந்தவை எனக் கருதும் ஓவியங்களைத் திரும்பத் திரும்பக் காட்டியபோது, அவற்றின்மீதான விருப்பம் கூடவில்லை, குறைந்தது. மேன்மையானவை எனக் கருதப்பட்ட ஓவியங்களுக்கு அவ்வாறு நேரவில்லை. பழகுந்தோறும் இனிப்பது நல்லது, பழகுந்தோறும் புளிப்பது போலி. பண்புடையார் நட்பை நன்னூலுக்கு ஒப்பிட்ட வள்ளுவர் உள்ளமும் இதனை அறிந்ததே.

பயிற்சி மூளையிலேயே தடம் பதிக்கிறது என்பதற்கும் சான்றுண்டு. 2009ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், கட்டடக் கலை பயின்றோர்க்கும் பயிலாதோர்க்கும் கட்டடப் படங்களும் முகப் படங்களும் காட்டப்பட்டன. கட்டடங்களைக் கண்டபோது, பயின்றோர் மூளையில் நினைவோடு தொடர்புடைய பகுதியும், நாம் முன்னர்க் கண்ட நெற்றிப் பகுதியும் மற்றவர்களினும் மிகுதியாகச் செயற்பட்டன. மண்டபத்தூர் மீனவர் கடலை நோக்கும்போதும் இத்தகைய ஏதோ ஒன்று நிகழ்கிறது என்றே நாம் எண்ணுகிறோம். அவர் கடலின் அழகைக் காணாதவர் அல்லர். வெளியூரார் காணாத அழகைக் காண்பவர்.

இன்னொரு சான்றை இலக்கியத்திலிருந்தே காட்டலாம். உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் நாட்டுப் படலம் பாடினார். அரபு நாடு மணற்பாங்கானது என்பதை அவர் அறியாதவர் அல்லர். ஆயினும் மழை பொழிகிறது, ஆறு பெருகுகிறது, வயலில் நெல் விளைகிறது. கேட்போர் தமிழர். அவர்கள் மூளையில் 'வளம்', 'அழகு' என்னும் சொற்கள் மருத நிலத்தோடு பின்னிக் கிடந்தன. அந்த நரம்பிழையைத் தொட்டால்தான் நபிகள் நாயகம் பிறந்த நாட்டின் பெருமை அவர்கள் நெஞ்சில் அழகாக எழும் என்பதைப் புலவர் உணர்ந்திருந்தார். படக்கருவி தோன்றுவதற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே தம் மக்களின் மூளையைப் படித்தவர் அவர் எனின் அது மிகையாகாது.

துயரின் அழகு

இனி, அம்மாணவியின் வினாவுக்கு நெருங்கி வருவோம். அழகென்பது இன்பம் தருவது மட்டும்தானா?

காரைக்காலில் வாழ்ந்த புனிதவதியார், தம் உடலின் வனப்பை உதறி, எலும்புருவாகிய பேய் வடிவை வேண்டிப் பெற்றார் என்பது பெரிய புராணம் கூறும் வரலாறு. அவ்வடிவைச் சோழ நாட்டுக் கலைஞர் செம்பில் வடித்தனர். அவற்றுள் ஒன்று இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. வற்றிய மார்பு, துருத்திய எலும்பு, கையில் தாளம். பார்வதி திருமேனியின் மிகைப்பு இங்கே தலைகீழாக நிற்கிறது. கடற்காகக் குஞ்சின் கதையை வைத்து இவ்வடிவை விளக்க முடியாது. ஆயினும், அதன்முன் நிற்பவர் கண்களை எடுக்க மாட்டார். அம்மையார் இசை பாடி அமர்ந்ததாகச் சொல்லப்படும் திருவாலங்காட்டிலிருந்து கிடைத்த நடராசர் திருமேனியின் ஒளிப்படங்களைக் கண்டு உருகி, பிரெஞ்சுச் சிற்பி ரோடின் எழுதிய கட்டுரை 1921ஆம் ஆண்டில் வெளிவந்தது. பேர்டுவுட் இகழ்ந்ததும் ரோடின் உருகியதும் ஒரே தலைமுறையில். இருவர்க்கும் இடையே இருந்த வேறுபாடு கண்ணில் இல்லை, அணுகிய முறையில் இருந்தது.

2017ஆம் ஆண்டில் இசிசுவும் சேக்கியும் துயரக் காட்சிகளின் அழகை ஆய்ந்தனர். மகிழ்ச்சி தரும் அழகுக்கும் துயரம் தரும் அழகுக்கும் அந்த நெற்றிப் பகுதி பொதுவாகவே எழுச்சி காட்டியது. துயரத்தையும் மூளை அழகென ஏற்கிறது. நம் இலக்கணத்துக்கு இது புதிதன்று. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டென வகுத்தபோது நகையையும் உவகையையும் மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. அழுகைக்கும் இளிவரலுக்கும் அச்சத்துக்கும் அதே வரிசையில் இடம் தந்தார். உள்ளத்து உணர்வு மெய்யில் வெளிப்படுதலே மெய்ப்பாடு. உள்ளத்தையும் உடலையும் பிரிக்காத அப்பார்வை இன்றைய நரம்பியலுக்கு அயலானதன்று.

இங்கேதான் அம்மாணவிக்கு நாம் சொல்லத் தவறிய விடை இருக்கிறது. ஐந்திணைகளுள் நெய்தலுக்கு உரிப்பொருள் புணர்தலன்று, இரங்கல். கடலையும் கடற்கரையையும் நம் முன்னோர் களிப்பின் களமாக வைக்கவில்லை. போனவர் திரும்புவாரோ என ஏங்கி நிற்கும் நெஞ்சின் களமாக வைத்தனர். நெய்தல் பாடிய புலவர் கடலுக்குப் போனவரா என்பதை நாம் அறியோம். ஆனால், கடலுக்குப் போனவரைக் காத்துக் கரையில் நிற்பவர் உள்ளத்தை அவர் அறிந்திருந்தார். ஆழிப்பேரலைக்குப் பின் அக்கரையில் நின்றவர்களின் உள்ளமும் அத்திணைக்கு அயலானதன்று. அடுத்த ஆண்டு அப்பாடலை நடத்தியபோது இதனை நாம் வகுப்பில் கூறினோம். வினாத் தொடுத்த மாணவி அப்போது படிப்பை முடித்துச் சென்றிருந்தார். இக்கட்டுரை அவர் கைக்கும் சென்று சேர்தல் கூடும் என்பது நம் நம்பிக்கை.

நிறைவாக

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்துரைப்போம். அழகை ஏற்கும் அமைப்பு மூளையில் பிறப்பிலேயே அமைந்தது. கண், செவி, அறிவு என வழிகள் வேறாயினும், அவை சேரும் இடம் பொதுவானது. மிகைப்பும் இயைபும் மறைபொருளும் அதனை எழுப்புகின்றன. ஆயின், எதை அழகென்று அது ஏற்கும் என்பதைப் பழக்கமும் கல்வியும் வாழ்வும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. வித்து இயற்கையுடையது, விளைச்சல் பயிற்சியுடையது.

இம்முடிபில் ஓர் அறக்கடமையும் அடங்கியுள்ளது. நல்லாடை அணிய விரும்புவது செருக்காகுமோ என ஒருவர் ஐயுற்றபோது, அழகை நேசிப்பது செருக்கன்று எனவும், உண்மையை மறுப்பதும் பிறரை இழிவாகக் கருதுவதுமே செருக்கு எனவும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்தியதை நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன. அழகு பற்றிய வினாவுக்குப் பணிவைக் கொண்டு அமைந்த விடை அது. நமக்குப் பழகாத கலையை, புரியாத சூத்திரத்தை, பிறர் வழிபாட்டு உருவத்தை, அயலார் பாட்டை 'அழகற்றது' என்று சொல்ல வாயெடுக்கும்போது, குறை பொருளில் உள்ளதா, நம் பழக்கத்தில் உள்ளதா என ஒருகணம் நின்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

"இப்பழைய பாட்டைப் படித்து என்ன பயன்?" என வினவும் இளைஞர்க்கும் நாம் கூறத்தக்கது இதுவே. முதல் வாசிப்பில் கரடாகத் தோன்றும் பாடலை ஒதுக்கிவிடாதீர்கள். மறுமுறை படியுங்கள், பொருள் கேளுங்கள், வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்கள் நெற்றிக்குப் பின்னே ஒரு முற்றம் காத்திருக்கிறது. அதன் கதவைத் திறக்கும் பணியையே தமிழ்த்துறைகள் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருகின்றன.